சுவரை எடுத்த வீடு

வாடகைக்கு வீடு பார்க்கப் போகிற பெண்கள் தண்ணீர் எப்படி, அக்கம்பக்கம் எப்படி என்று கேட்பார்கள். நான் கேட்டது, அடுப்பு முன்னால் உட்கார்ந்தால் வாசல் தெரியுமா என்று. என் வீட்டுக்காரருக்கு அது வேடிக்கையாக இருந்தது. வாசலில் என்ன தேரா ஓடுகிறது என்றார். காரணம் தெரியாமல் அவர் கேட்கவில்லை. பயத்தைக் கேலி பண்ணினால் பயம் ஓடிவிடும் என்று நினைக்கிற ரகம் அவர். நான், பயத்தைக் கூடவே வைத்துச் சோறு போடுகிற ரகம்.

காரணம் எங்கள் மகள். அப்போது அவளுக்கு ஏழு முடிந்து எட்டு நடந்தது. எஸ்டேட்டில் இருந்தபோது மலேரியா கண்டு, காய்ச்சல் தலைக்கேறி, ஜன்னி வரைக்கும் போய்ப் பிழைத்து வந்தவள். காய்ச்சல் போய்விட்டது, வலிப்பு தங்கிவிட்டது. எப்போது வரும் என்று சொல்ல முடியாது. பேசிக்கொண்டே இருப்பவள் நடுவில் நிறுத்துவாள், கண் மேலே செருகும், கைகால் வெட்டி இழுக்கும். ஓடிப்போய் ஒருக்களித்துப் படுக்கவைத்து, உள்ளங்கையில் இரும்புச் சாவியைத் திணித்து, அடங்கும்வரை பக்கத்தில் இருக்க வேண்டும். பத்து காஜா ஊர் ஆஸ்பத்திரியில் மருந்து கொடுத்துவிட்டு, நெருப்புப் பக்கமும் தண்ணீர்ப் பக்கமும் தனியாக விடாதீர்கள், எப்போதும் ஒருவர் கண் இவள் மேல் இருக்கட்டும் என்றார்கள். நெருப்பும் தண்ணீரும் இல்லாத வீடு எங்கே இருக்கிறது? எனக்கு மிஞ்சியது என் கண் ஒன்றுதான்.

எஸ்டேட்டின் லயத்து வரிசை வீட்டில் அது பெரிய பாடாக இல்லை. ஒரே அறை. அடுப்பு, பாய், தகரப் பெட்டி எல்லாம் அதற்குள்ளேயே. கையை நீட்டினால் பிள்ளை. ஆனால் லயத்தில் வேறு ஒரு தொந்தரவு இருந்தது. ரப்பர் மரத்தில் பால் வெட்டப் போகும் பெண்கள் பிள்ளைகளை விட்டுப்போகிற ஆயாக் கொட்டகையில் இவளைச் சேர்க்க மாட்டேன் என்றுவிட்டாள் ஆயா. மற்றப் பிள்ளைகள் பயப்படுகிறார்களாம். அதை மட்டும் சொல்லியிருந்தால் பொறுத்திருப்பேன். "பீடை புடிச்ச புள்ளைய இங்க கொண்டாராத" என்று வாய்விட்டே சொன்னாள். அந்த வார்த்தை லயம் முழுக்கப் பரவியது. அதற்கப்புறம் யாராவது இரண்டு பேர் குசுகுசு என்றால்கூட அந்த வார்த்தையைத்தான் பேசுகிறார்கள் என்று எனக்குப் படும். நான் வெட்டு வேலையை விட்டுவிட்டு வீட்டோடு இருந்துவிட்டேன்.

பிறகு ரப்பர் விலை விழுந்தது. எஸ்டேட்டில் ஆள் குறைத்தார்கள். ஸ்டோரில் கணக்குப் பிள்ளைக்குக் கைத்துணையாக இருந்த என் வீட்டுக்காரருக்கும் பேர் வெட்டு. எழுதப் படிக்கத் தெரிந்த புண்ணியத்தில் ஈப்போ ரயில்வே கூட்ஸ் ஷெட்டில் மூட்டை எண்ணிக் குறிக்கிற வேலை கிடைத்தது. ஈப்போவில் எங்களை யாருக்கும் தெரியாது, எங்கள் பிள்ளைக்கு அங்கே ஒரு பெயரும் ஒட்டியிருக்காது என்பதே எனக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது.

வீடு குனோங் ராபாட் போகிற வழியில், சுண்ணாம்பு மலை நிழல் விழுகிற இடத்தில் கிடைத்தது. பலகை வீடு, அத்தாப்பு ஓலைக் கூரை. சொந்தக்காரி ஒரு சீனத்தம்மா. விதவை, பக்கத்து வீட்டிலேயே இருந்தாள். மூன்று அறையும் வரிசையாக ஒன்றன்பின் ஒன்று. முன்னறை, நடு அறை, கடைசியில் அடுப்படி. ஆனால் முன் வாசலுக்கு நேராக நடு அறைக் கதவு கிடையாது. அது இடது ஓரத்தில். அதற்கு நேராக அடுப்படிக் கதவும் கிடையாது. அது வலது ஓரத்தில். பாம்பு போகிற மாதிரி வளைந்து வளைந்து போக வேண்டும். நடு அறையில் பகலிலேயே விளக்கு வேண்டும். என் வீட்டுக்காரருக்கு மட்டும் பரம திருப்தி. பிறந்ததிலிருந்து லயத்தில் கிடந்து, பக்கத்து வீட்டுக்காரர் இருமினால் இவர் விழித்துக்கொண்டு வளர்ந்தவர். கதவு சாத்தக்கூடிய ஒரு அறை, அதில் ஒரு மேசை, ஒரு நாற்காலி, இவ்வளவுதான் அவர் கண்ட சொர்க்கம். முதல் சம்பளத்தில் மேசை வாங்கி நடு அறையில் போட்டுவிட்டார்.

நாங்கள் குடி வந்து ஒரு மாதம்கூட ஆகியிருக்காது. நான் அடுப்படியில் மசாலை அரைத்துக்கொண்டிருந்தேன். அம்மிச் சத்தத்தில் வேறெதுவும் கேட்கவில்லை. அரைத்து வழித்து எடுத்த பிறகுதான் வீடு ரொம்ப அமைதியாக இருப்பது உறைத்தது. கூப்பிட்டேன், பதில் இல்லை. வளைந்து ஓடி நடு அறைக்குள் போனால் இருட்டில் கால் ஈரத்தில் பட்டது. தண்ணீர்ப் பானை உடைந்து கிடக்கிறது, அந்தத் தண்ணீரில் பிள்ளை முகம் கவிழ்ந்து கிடக்கிறாள். தரையில் தேங்கின தண்ணீர்தான். ஆனால் மூக்கு முங்க அதற்கு மேல் எவ்வளவு வேண்டும்? புரட்டிப் போட்டபோது உதடு நாவல்பழம் தின்றவள் மாதிரி இருந்தது. மூச்சு வந்துவிட்டது. ஆனால் எனக்கு வெகு நேரம் மூச்சு சீராக வரவில்லை.

மறுநாளே சொல்லிவிட்டேன், சுவரை எடுக்க வேண்டும், இரண்டையும். என் வீட்டுக்காரர் தன் மேசையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"லயத்துலேர்ந்து தப்பிச்சு வந்து, இங்கயும் லயத்தையே கட்டப் போறியா?"

"ஆமா" என்றேன். பிள்ளையின் நெற்றியில் பானை ஓடு கிழித்த காயம் இருந்தது. அதைப் பார்த்துவிட்டு அவர் மேசை மேலிருந்ததை எடுத்து ஒதுக்கினார்.

சீனத்தம்மா அப்போது காம்பாருக்கு மகள் பிரசவத்துக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள். எங்களுக்கும் அவளுக்கும் பொதுவாக இருந்தது ஓட்டை மலாய்தான். வீட்டை உள்ளே கொஞ்சம் சரிபண்ணிக்கொள்ளலாமா என்று கேட்டேன். "போலே, போலே" என்று கையை ஆட்டிவிட்டு வண்டி ஏறினாள். செய்யலாம் என்றுதானே அர்த்தம்? எதுவரை செய்யலாம் என்று நானும் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை.

தச்சு வேலைக்கு ஒரு சீன ஆசாரி வந்தார். சுவரைத் தட்டிப் பார்த்து, முன் வாசலிலிருந்து பின் வாசலுக்கு விரலால் ஒரு கோடு இழுத்துக் காட்டி, "தா போலே" என்றார். கூடாதாம். வேலையைக் குறைத்துக்கொள்ளப் பார்க்கிறார் என்று நினைத்தேன். நம் பக்கத்தில் வாசலில் நின்றால் கொல்லை தெரிகிற வீடுதான் நல்ல வீடு. காற்று நேராக வந்து நேராகப் போகும். அதில் என்ன கூடாது? "பூக்கா, பூக்கா, எல்லாத்தையும் பூக்கா" என்று பிரிக்கச் சொல்லிக்கொண்டே இருந்தேன். அவர் தோளைக் குலுக்கிவிட்டுப் பலகைகளைக் கழற்றினார். தூண்கள் மட்டும் நின்றன. அவ்வளவு வெளிச்சம் அந்த வீட்டுக்குள் அதுவரை வந்திருக்காது. தரையில் எத்தனை குழி இருந்தது என்பதும் அப்போதுதான் தெரிந்தது.

பிறகு நான் ஆரம்பித்தேன். அடுப்படிக்கு இறங்குகிற படி ஒன்று இருந்தது. ஓடும்போது தடுக்கும் என்று மண் கொட்டி மேடாக்கிச் சமமாக்கினேன். தரை முழுக்கச் சாணம் மெழுகினேன். கரி பிடித்த பலகைகளுக்குச் சுண்ணாம்பு அடித்தபோது, வெறும் வெள்ளை ஆஸ்பத்திரி மாதிரி இருக்கிறது, கொஞ்சம் மஞ்சள்பொடி கலக்கலாமே என்றார் என் வீட்டுக்காரர். சுண்ணாம்பில் மஞ்சளைக் கலந்தால் ஆரத்திதான் வரும், வீட்டுக்கே ஆரத்தி எடுப்பதா என்றேன். காவி கொஞ்சம் கலந்தோம். பழுத்த மாம்பழத் தோல் மாதிரி ஒரு நிறம் வந்தது. மாலை வெயில் அதில் படும்போது வீடே கதகதப்பாக இருக்கும். அவருடைய மேசையை முன் ஜன்னலோரம் போட்டேன். தண்ணீர்ப் பானைகளை அடுப்படி மூலையில் பலகை மேல் ஏற்றி, தட்டுப் போட்டு மூடி, மேலே அம்மிக் குழவியை வைத்தேன். எண்ணெய் விளக்கைப் பிள்ளைக்கு எட்டாத உயரத்தில் மாட்டினேன்.

கடைசியில் அடுப்பு. வீடு மேற்குப் பார்த்த வாசல். அடுப்படி கிழக்குக் கோடி. கிழக்கைப் பார்த்துச் சமைக்க வேண்டும் என்பது நம் வழக்கம். அப்படி உட்கார்ந்தால் பிள்ளைக்கு முதுகைக் காட்ட வேண்டும். அடுப்பை இடித்துத் திருப்பிப் போட்டேன், மேற்கைப் பார்த்து. தெருவில் இருந்த இரண்டொரு தமிழ்ப் பெண்கள் பார்த்துவிட்டு, மேற்கு முகமாக உலை வைத்தால் குடும்பம் விளங்காதே என்றார்கள். எனக்கும் உள்ளுக்குள் திக்கென்றுதான் இருந்தது. முதல் சோறு வடிக்கும்போது மனசுக்குள் சூரியனிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டேன். ஆனால் பானைக்கு மேலே தலையை நிமிர்த்தினால் பிள்ளை தெரிந்தாள். எனக்கு அது போதும்.

போதும் என்று சொன்னேனே தவிர, நிம்மதி வரவில்லை. கண்ணுக்கு எதிரே இருக்கிறாள், ஆகவே கண்ணை எடுக்க முடியவில்லை. சுவர் இருந்தபோது காதால் பயந்தேன், இப்போது கண்ணால் பயந்தேன். அவள் கையைத் தூக்கினால் எழுந்துவிடுவேன். தும்மினால் சாவியைத் தேடுவேன். அவள் நடுக்கூடத்தில் போட்ட பாயில் அசையாமல் உட்கார்ந்திருப்பாள். சோழி வாங்கிக் கொடுத்திருந்தேன், அதை வரிசையாக அடுக்கி வைத்துவிட்டுச் சும்மா இருப்பாள். சமர்த்துப் பிள்ளை என்று நினைத்தேன்.

சீனத்தம்மா சொன்ன நாளுக்கு முன்னாலேயே காம்பாரிலிருந்து திரும்பிவிட்டாள். வந்த அன்றே எங்கள் வாசலுக்கு வந்தாள். வாசற்படியில் ஒரு கால் வைத்தவள் அப்படியே நின்றாள். அவள் பார்வை நேராக வீட்டுக்குள் நுழைந்து, கூடத்தைத் தாண்டி, பின் வாசல் வழியாகக் கொல்லையில் மேய்ந்த கோழி வரைக்கும் போனது. முகம் வெளுத்துவிட்டது. படபடவென்று சீனத்தில் ஏதோ சொன்னாள். பிறகு எனக்குப் புரியட்டும் என்று மலாய்க்கு மாறி, கூடத்தின் நடுவே விரலை நீட்டிச் சொன்னாள்.

"சினி மெஸ்தி பீடை."

சினி என்றால் இங்கே. மெஸ்தி என்றால் நிச்சயம், சந்தேகமே இல்லை. அந்த விரலுக்கு நேரே என் மகள் உட்கார்ந்திருந்தாள்.

ஊர் விட்டு ஊர் வந்தும் விடவில்லையே என்று எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. தெருப் பெண்கள்தான் இந்தத் தமிழ் வார்த்தையை இவளுக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள், என் பிள்ளையைப் பற்றி இவளிடம் பேசியிருக்கிறார்கள் என்று ஒரு நொடியில் முடிவு கட்டிவிட்டேன். அவள் மறுபடியும் அதே விரலை நீட்டி, "பீடை, பீடை" என்றாள். நான் கரண்டியோடு எழுந்து வாசலுக்கு வந்தேன். "பெர்கி" என்றேன். வீட்டுச் சொந்தக்காரியைப் பார்த்து அவள் வீட்டு வாசலிலேயே நின்று போ என்று சொன்னவள் நானாகத்தான் இருப்பேன். அவள் என்னையும் கரண்டியையும் பார்த்தாள். சுவர் இருந்த இடத்தை மறைக்காவிட்டால் நாங்கள்தான் போக வேண்டும் என்கிற மாதிரி ஏதோ சொல்லிவிட்டுத் திரும்பிப் போனாள்.

மகள் கேட்டாள், "யாரும்மா பீடை? நானா?"

அந்த ஆயா சொன்ன நாளில் இவள் சின்னப் பிள்ளை, காதில் விழுந்திருக்காது என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். விழுந்துதான் இருக்கிறது. இல்லை என்று சொல்லிக் கட்டிக்கொண்டு அழுதேன். அழுதால் பிள்ளை பயப்படும் என்று தெரிந்தும் அடக்க முடியவில்லை.

அன்றிலிருந்து ஒவ்வொரு நாளும் என் வீட்டுக்காரர் வேலை முடிந்து வரும் வழியில் வேறு வீடு தேடினார். ஸ்டேஷனுக்குப் பின்னால் பார்த்தார், பத்து காஜா சாலைப் பக்கம் பார்த்தார். எல்லாம் அதே இருட்டு அறைகள், அதே வளைந்த கதவுகள். இங்கேயே சுவரை வைத்துவிட்டு மன்னிப்புக் கேட்டுக்கொள்ளலாமே என்றார். சுவரை வைத்தால் பிள்ளை போய்விடுவாள், மன்னிப்புக் கேட்டால் என் மானம் போய்விடும் என்றேன். இரண்டில் எதைக் காப்பாற்ற வேண்டும் என்று நீயே சொல் என்றார். நல்ல கேள்விதான், அதனால்தான் எனக்குக் கோபம் வந்தது.

அந்த வார முடிவில் அதே ஆசாரி வந்தார், தோளில் சுருட்டிய மூங்கில் கட்டு ஒன்றோடு. வீட்டுக்காரம்மா அனுப்பியதாகச் சைகை காட்டி, கட்டைத் தரையில் இறக்கி, அதைத் தட்டி, "பீடை" என்றார்.

எனக்கு ஒன்றும் ஓடவில்லை. எது என்று கேட்டேன். கட்டை அவிழ்த்துக் கால் பெருவிரலால் தள்ளினார். பொடிசாகச் சீவிய மூங்கில் குச்சிகளைக் கயிற்றில் கோத்த தட்டி சரசரவென்று தரையில் உருண்டு விரிந்தது. எஸ்டேட்டில் துரை பங்களா வராந்தாவில் வெயிலுக்குத் தொங்கவிடுவார்களே, அது. நாங்கள் அதைத் தட்டி என்போம். மலாயில் அதற்கு அதுதான் பெயராம். சீனத்தம்மா என் மகளைக் காட்டவில்லை. இங்கே கட்டாயம் ஒரு தட்டி தொங்க வேண்டும் என்று இடத்தைக் காட்டியிருக்கிறாள். சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. ஆசாரி பயந்துபோய் இரண்டடி தள்ளி நின்றார்.

மகளைக் கூப்பிட்டு, தட்டியில் அவள் கையை வைத்து, இதுதான்டி பீடை, நீ இல்லை என்றேன். அவள் அதைத் தடவிப் பார்த்துவிட்டு, நல்லாத்தானே இருக்கு என்றாள்.

ஒரு சீப்பு வாழைப்பழம் எடுத்துக்கொண்டு பக்கத்து வீட்டுக்குப் போனேன். சீனத்தம்மா கோபமாக இல்லை, களைத்திருந்தாள். அவள் மகன் ஈயம் தோண்டுகிற லம்பத்தில் வேலை செய்கிறவன். அவள் காம்பாரில் இருந்தபோது மண்மேடு சரிந்து காலை முறித்துக்கொண்டு வந்து கிடந்தான். அதனால்தான் பாதியில் ஓடிவந்திருக்கிறாள். வந்து பார்த்தால் எங்கள் வீடு முன்னும் பின்னும் திறந்து கிடக்கிறது. முன் வாசலில் வருகிற நல்லது அத்தனையும் நிற்க இடமில்லாமல் பின் வாசல் வழியாக ஓடிவிடும் என்பது அவர்கள் நம்பிக்கை. எங்கள் வீடு அவள் வீடு, ஓடிப்போனது அவள் மகனுடைய நல்லது. நான் பின் வாசலைக் காட்டி, நாங்களும் விளக்கு வைக்கிற நேரத்தில் கொல்லைக் கதவைச் சாத்துவோம், லட்சுமி போய்விடுவாள் என்று அரை மலாயில் சொன்னேன். எவ்வளவு புரிந்ததோ, தலையை ஆட்டினாள். அந்தப் பையன் உள்ளே முனகியபோது அவள் பேச்சை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்த பார்வை எனக்குத் தெரிந்த பார்வை.

தட்டி தொங்கவிட்டாயிற்று, அடுப்படிக்கும் கூடத்துக்கும் நடுவில். சீனத்தம்மா வாசலில் நின்று பார்த்தாள். அங்கிருந்து அது சுவர் மாதிரிதான் தெரிந்தது. திருப்தியோடு போனாள். எனக்குத்தான் பிள்ளை மறைந்துவிடுவாளே என்று பயம். அடுப்புக்குத் திரும்பி வந்து உட்கார்ந்து தலையை நிமிர்த்தினேன். பிள்ளை தெரிந்தாள். பாய் தெரிந்தது, சோழி தெரிந்தது, வாசலுக்கு வெளியே போகிற மாட்டு வண்டிகூடத் தெரிந்தது. நம்ப முடியாமல் எழுந்து கூடத்துப் பக்கம் போய்ப் பார்த்தேன், அடுப்படி தெரியவில்லை. இருட்டிலிருந்து வெளிச்சத்தைப் பார்த்தால் தட்டி மறைக்காது, வெளிச்சத்திலிருந்து இருட்டைப் பார்த்தால் மறைக்கும். கொல்லைக் கதவைச் சாத்திவிட்டால் இன்னும் நன்றாகத் தெரிந்தது. விளக்கு வைத்த பிறகும் விளக்கைப் பிள்ளை பக்கம் வைத்து, நான் அடுப்பு வெளிச்சத்தோடு இருந்துகொண்டேன். அந்த மாதமே ஒருமுறை வலிப்பு வந்தது. அவள் சாய்வதற்குள் தட்டியை ஒதுக்கிக்கொண்டு ஓடிப் பிடித்துவிட்டேன்.

இருந்தாலும் என் மனம் கேட்கவில்லை. சீனத்தம்மா சந்தைக்குப் போகிற நேரம் பார்த்துத் தட்டியைச் சுருட்டிக் கட்டிவிடுவேன். குச்சிகளுக்கு ஊடே பார்ப்பதும் நேராகப் பார்ப்பதும் ஒன்றாகுமா? அப்படி ஒரு காலையில் சுருட்டிக்கொண்டிருந்தபோது மகள் எழுந்து வந்து என் முந்தானையைப் பிடித்தாள்.

"அத ஏம்மா தூக்குற? கீழயே இருக்கட்டும்லா."

ஏன் என்று கேட்டேன். திட்ட மாட்டேன் என்ற பிறகு சொன்னாள்.

"நீ பாத்துக்கிட்டே இருந்தா எனக்கு வெளாட வர மாட்டேங்குது. நான் கைய ஆட்டுனா நீ எந்திரிச்சிடுற. பயந்துபோயிடுற. அதான் சும்மா குந்தியிருக்கேன். தட்டி இருந்தா நீ பாக்கலன்னு நெனச்சிக்கிட்டு வெளாடுவேன்."

தட்டிக்குப் பின்னாலிருந்து நான் பார்ப்பது அவளுக்குத் தெரிந்தேதான் இருக்கிறது. எனக்காகத்தான் அவள் அத்தனை நாளும் அசையாமல் உட்கார்ந்திருந்திருக்கிறாள், நான் பயப்படக் கூடாது என்று. சமர்த்து என்று நான் நினைத்தது அதைத்தான். கயிற்றை அவிழ்த்துத் தட்டியை இறக்கிவிட்டேன்.

அடுப்பு முன்னால் வந்து உட்கார்ந்தேன். கொஞ்ச நேரத்தில் அந்தப் பக்கமிருந்து சத்தம் வந்தது. சோழிகளைக் கொட்டிக் கலைத்துவிட்டு, அவற்றிடம் யாரோ மாதிரி அதட்டிப் பேசிக்கொண்டு, குதித்துக்கொண்டு, ஒரு பாட்டை அரைகுறையாக இழுத்துக்கொண்டு இருந்தாள். ஈப்போ வந்ததிலிருந்து அவள் பாடி நான் கேட்டதில்லை. பார்க்கக் கூடாது, இவள் கேட்டது அவ்வளவுதானே என்று முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டேன். அடுப்பில் ரசம் சூடேற ஆரம்பித்திருந்தது. அது நுரை கட்டி வருகிற வரைக்கும்கூட என்னால் பார்க்காமல் தாக்குப் பிடிக்க முடியவில்லை.